இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

1729 என்ற எண்ணைச் சொன்னதும் இராமானுஜன் பெயரைச் சொல்லாத தமிழர் குறைவு. பள்ளி விழாவாகட்டும், வினா விடைப் போட்டியாகட்டும், அந்த வாடகைக் கார் கதை வராமல் போகாது. இலண்டனின் பட்னி பகுதியில் நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்கப் பேராசிரியர் ஹார்டி போனார். தாம் வந்த காரின் எண் 1729 என்றும், அதில் ஒரு சுவையும் இல்லை என்றும் சொன்னார். அப்படி இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று இராமானுஜன் படுக்கையில் இருந்தபடியே பதில் சொன்னார். நல்ல கதை. நடந்த கதையும்கூட.

இராமானுஜனோடு சம்பந்தப்பட்ட இன்னோர் எண் இருக்கிறது. மேடைகளில் அதை யாரும் சொல்லிக் கேட்பது அரிது. அந்த எண் 293318625600. நம் வழக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. மலேசியப் பள்ளிப் பிள்ளைகள் 293 பில்லியன் 318 மில்லியன் 625 ஆயிரத்து 600 என்பார்கள். இது பேர் பெறாமல் போனதற்குக் காரணம் எளிது. இராமானுஜன் கண்டுபிடித்த எண் அல்ல இது, கண்டுபிடித்திருக்க வேண்டிய எண். 1915இல் அச்சான அவருடைய பட்டியலில் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இது இல்லை.

இதைச் சொன்னால் சிலருக்கு மனம் சுருங்கும். உலகம் கொண்டாடும் ஒரு மேதையின் தவற்றைத் தோண்டி எடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதலில் அது என்ன பட்டியல் என்று பார்த்துவிடலாம்.

பங்கு போட வசதியான எண்கள்

தட்டில் 12 அதிரசம் இருக்கிறது. இரண்டு பேர் வந்தாலும் பங்கு போடலாம், மூன்று பேர், நான்கு பேர், ஆறு பேர் வந்தாலும் போடலாம். ஒருவரே உட்கார்ந்து 12ஐயும் சாப்பிடலாம், 12 பேர் ஆளுக்கொன்று எடுக்கலாம். மீதி நிற்காது. ஆக 12ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. இவற்றை வகுத்திகள் என்கிறோம். 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. 10க்கு நான்குதான். 12ஐவிடப் பெரிய எண்ணாக இருந்தும் 16க்கு ஐந்துதான்.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உடைய எண்ணைத்தான் இராமானுஜன் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார். தமிழில் அதை உயர் பகு எண் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை போகிறது. இதைப் பார்த்தவுடனே உங்களுக்கு ஏதோ தெரிந்த முகங்கள் போல இருக்கும். ஆண்டுக்கு 12 மாதம், நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள், ஆண்டுச் சுற்றும் 60. பல தேசத்து மக்கள் பங்கு போட வசதியான எண்களைத் தேடித் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி நடந்துவிடவில்லை. தமிழ் எண்சுவடியின் பின்னங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320இல் ஒன்று. 320ஐ ஆறு முறை பாதியாக்கலாம், ஐந்தாகவும் பிரிக்கலாம், மூன்றாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் அரை, கால், அரைக்கால், வீசம் என்று அழகான பெயர்கள் வைத்த தமிழ்க் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு அப்படி ஒரு பெயர் அமையவில்லை.

காசுக் கணக்கிலும் இதே கதைதான். இராமானுஜனின் தந்தை கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். மகனும் 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அன்றைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பைசா, ஆக ரூபாய்க்கு 192 பைசா. மூன்று பேர் ஒரு ரூபாயைப் பங்கு போட்டால் ஆளுக்கு 5 அணா 4 பைசா. மீதி இல்லை. இரண்டாண்டு கழித்து அவர் போய் இறங்கிய இங்கிலாந்தில் பவுனுக்கு 240 பென்னி. 240 என்பது அவருடைய பட்டியலிலேயே இடம் பெற்ற எண், 20 வகுத்திகள் அதற்கு. மூன்றாகப் பிரித்தால் 80, ஆறாகப் பிரித்தால் 40, பதினைந்தாகப் பிரித்தால் 16. தமிழ்நாட்டிலும் இங்கிலாந்திலும் அவர் கையில் புழங்கிய காசு மூன்று பேருக்கும் சுத்தமாகப் பங்கானது.

கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கணக்கு வேறு. இராமானுஜன் துறைமுகத்தில் பேரேடு எழுதிய அதே காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழர்கள் மலாயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவரை 1914 மார்ச் 17ஆம் தேதி இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்ற நெவாசா என்ற கப்பலும், நம்மவர்கள் மறக்காத ரஜுலா கப்பலும் ஒரே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானவை. வந்தவர்கள் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம் வட்டாரத்துக் கித்தாத் தோட்டங்களில் பிரட்டுக்கு நின்றார்கள். இங்கே வெள்ளிக்கு 100 காசு. 100க்கு ஒன்பது வகுத்திகள்தான், அவற்றில் 3 இல்லை, 6 இல்லை, 12உம் இல்லை. மூன்று பேர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒரு வெள்ளி கூலி என்றால் ஆளுக்கு 33 காசு போக ஒரு காசு மிஞ்சும். செக்ரோல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த கிராணிமார்களுக்கு இந்த மிச்சக் காசின் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த ஒரு காசு யார் பைக்குப் போனது என்பது வேறு கட்டுரைக்கு உரிய விஷயம்.

தேர்வில் தேறாதவருக்குப் பட்டம் தந்த கட்டுரை

மீதியில்லாமல் வகுபடும் எண்கள் மேல் இராமானுஜனுக்கு ஏன் இவ்வளவு ஆசை வந்தது என்று கேட்டால், பேரேட்டோடு வளர்ந்தவர் என்று ஒரு பதில் சொல்லலாம். அது பாதிப் பதில்தான். கணக்கெழுதுகிறவருக்கு 240 போதும், 360 போதும். இராமானுஜன் கேட்டது வேறு. இந்த வரிசைக்கு ஒழுங்கு உண்டா? போகப் போக இந்த எண்கள் எப்படி இருக்கும்? ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எவ்வளவு?

கேம்பிரிட்ஜுக்குப் போன மறு ஆண்டே, 1915இல், இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. அச்சில் 60 பக்கத்துக்கு மேல். எஃப்.ஏ. தேர்வில் கும்பகோணத்திலும் சென்னையிலும் தேறாமல் போனவருக்கு, இந்தக் கட்டுரைக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பி.ஏ. பட்டம் வழங்கியது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த பட்டம் அது. ஹார்டிக்கே இந்தக் கட்டுரை சற்று விசித்திரமாகத்தான் பட்டது. கணிதத்தின் முக்கிய ஓட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கிறது என்று கருதினார். ஆனால் அதில் இருக்கும் நுட்பத்தை அவர் மறுக்கவில்லை.

அந்த நுட்பத்தில் ஒரு துளியையாவது சொல்லாமல் விடுபட்ட எண்ணுக்குப் போக முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஐந்தாம் ஆண்டுக் கணக்குக்கு மேல் ஒன்றும் இல்லை.

2, 3, 5, 7, 11, 13 போன்றவை பகா எண்கள். தன்னையும் 1ஐயும் தவிர வேறெதுவும் வகுக்காதவை. ஒன்றுக்கு மேற்பட்ட எந்த எண்ணையும் இவற்றின் பெருக்கலாக உடைத்துவிடலாம். 12 என்றால் இரண்டு 2, ஒரு 3. வகுத்திகளை எண்ண ஒரு குறுக்கு வழி உண்டு. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதோடு ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். இரண்டு 2 என்றால் 3, ஒரு 3 என்றால் 2. மூவிரண்டு ஆறு. 12க்கு ஆறு வகுத்திகள் என்று முன்பு கையால் எண்ணியதும் அதுதான்.

ஓர் எண் உயர் பகு எண்ணாக இருக்க வேண்டுமானால் சிறிய பகா எண்கள் அதிகமாகவும், பெரியவை குறைவாகவும் இருக்க வேண்டும் என்று இராமானுஜன் நிறுவினார். 2கள் 3களைவிடக் குறையக் கூடாது, 3கள் 5களைவிடக் குறையக் கூடாது, இப்படியே. நடுவில் எந்தப் பகா எண்ணையும் தாண்டக் கூடாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும், 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர. போகப் போக ஓர் உயர் பகு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் ஒன்றை நெருங்கிக்கொண்டே போகும் என்பதையும் காட்டினார்.

இவ்வளவு சட்டங்கள் இருந்தும் இந்த வரிசையில் பத்தாவது எண் இது, நூறாவது எண் இது என்று நேராகச் சொல்லும் வாய்பாடு கிடையாது. இன்றைக்கும் கிடையாது. சட்டத்துக்கு உட்பட்ட எண்கள் ஏராளம், அவற்றில் எது தேறும், எது தேறாது என்று ஒன்றையொன்று ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு பெரிய எண்ணை வரிசையில் சேர்க்கும் முன்பு, அதைவிடச் சிறிய வேறெந்த எண்ணும் அத்தனை வகுத்திகளைப் பெறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெருக்கல், வரிசைப்படுத்தல், மறுபடி பெருக்கல். கணினி இல்லாத காலம். இராமானுஜன் அதை உட்கார்ந்து செய்தார். கட்டுரையில் 102 எண்களைத் தந்தார். கடைசி எண் 6746328388800, அதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10080 வகுத்திகள்.

4800க்கும் 5376க்கும் நடுவே

பட்டியலின் பின்பகுதியில் ஓரிடத்தில் 160626866400 என்ற எண் வருகிறது. அதற்கு 4608 வகுத்திகள். அடுத்து 240940299600, அதற்கு 4800. அதற்கடுத்து 321253732800, அதற்கு 5376. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக ஏறிப் போகிறது. ஆனால் இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில்தான் 293318625600 உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு 5040 வகுத்திகள்.

நீங்களே சரிபார்க்கலாம். இந்த எண்ணை உடைத்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. குறுக்கு வழியைப் போட்டுப் பாருங்கள். 7 பெருக்கல் 5 பெருக்கல் 3 பெருக்கல் 3, அது 315. கடைசி நான்கு பகா எண்களுக்காக நான்கு முறை இரட்டிப்பாக்கினால் 5040. இராமானுஜன் வகுத்த சட்டம் ஒன்றைக்கூட இந்த எண் மீறவில்லை.

பிறகு ஏன் விட்டார்? எண்களின் உடற்கூறைப் பார்த்தால் ஓர் ஊகத்துக்கு இடமிருக்கிறது. பக்கத்தில் உள்ள மூன்று எண்களையும் உடைத்துப் பாருங்கள். மூன்றிலும் கடைசிப் பகா எண் 23. மூன்றிலும் 7 ஒரே ஒரு முறை. அதாவது வரிசை 19ஐ விட்டு 23க்கு ஏறிவிட்டது. விடுபட்ட எண்ணில் மட்டும் 23 இல்லை. அது மறுபடி 19க்கே இறங்கி, 23க்குப் பதிலாக 3, 7 போன்ற சிறிய பகா எண்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது. மேலே ஏறிப் போகிறவர் ஒரு படி கீழே இறங்கித் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் அது.

இப்படித் திரும்ப இறங்குவது புதிதல்ல. ஆரம்பத்திலேயே ஒரு முறை நடக்கிறது. 27720 என்ற உயர் பகு எண்ணில் கடைசிப் பகா எண் 11. அடுத்து வரும் 45360இல் அது 7, அதற்கும் அடுத்த 50400இலும் 7. பிறகு 55440இல் மறுபடி 11. ஐந்து இலக்க எண்களில் இந்த ஏற்ற இறக்கம் கண்ணில் படும். 12 இலக்க எண்களில் கண்ணுக்குத் தப்புவது எளிது. ஒவ்வொரு முழு எண்ணும் இராமானுஜனுக்குச் சொந்த நண்பர் என்று லிட்டில்வுட் சொன்னதாக ஹார்டி எழுதியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஊரெல்லாம் அலைந்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுக்க மறந்துபோவது நம் வீடுகளிலும் நடப்பதுதானே.

மூன்றாண்டு கழித்து வந்த இன்னொரு வேலையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு 1918இல் ஹார்டியும் இராமானுஜனும் ஒரு வாய்பாடு கொடுத்தார்கள். 200 என்ற எண்ணுக்கு விடை 3972999029388. மேஜர் மக்மகன் என்ற கணித அறிஞர் அதைத் தனியாகக் கையால் போட்டு வைத்திருந்தார். வாய்பாடு ஒரு பக்கம், கைக்கணக்கு ஒரு பக்கம், ஒன்று மற்றதற்குச் சாட்சி. 1915 பட்டியலுக்கு வாய்பாடு என்ற சாட்சியே கிடையாது.

அழித்த பலகையும் அழியாத பட்டியலும்

இராமானுஜனைப் பற்றி நாம் சொல்லும் கதைகளில் உழைப்புக்கு இடம் குறைவு. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைச் சொன்னார் என்று அவரே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அது அவருடைய நம்பிக்கை. அதில் கை வைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் கணக்கே போடவில்லை, விடை தானாக வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்வது வேறு. கணக்கு வராத பிள்ளை அதைக் கேட்டு என்ன நினைக்கும்? வருகிறவனுக்கு வரும், எனக்கு எழுதி வைக்கவில்லை என்று நினைக்கும்.

இந்தக் கதை வளர ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. சென்னையிலும் கும்பகோணத்திலும் இருந்தபோது தாள் வாங்க அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பலகையில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். அழித்து அழித்து முழங்கை கறுத்துப்போன மனிதர் அவர். நோட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு முடிவு மட்டும்தான் தெரிந்தது. வழி, பலகையோடு போய்விட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு நம் தோட்டங்களில் பெருகிய தமிழ்ப் பள்ளிகளிலும் பலகைதான். அங்கே படித்த முந்தைய தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள், எச்சில் தொட்டு அழித்த கணக்கு எத்தனை என்று சொல்வார்கள்.

பட்டியல் அப்படிப்பட்டதல்ல. அதில் வழி தெரிகிறது, விடுபட்ட அந்த ஓர் இடம் இருப்பதால் தெரிகிறது. கனவில் வந்த பட்டியலில் ஓட்டை இருக்காது. 102 எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஏற்றிக்கொண்டே போன ஒரு மனிதக் கை ஓரிடத்தில் ஒரு படியைத் தாண்டிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். அவருடைய தேற்றங்கள் இந்தப் பட்டியலை நம்பி நிற்பவை அல்ல, அதனால் அவற்றுக்குச் சேதமில்லை. 102 சரியாக வந்தது பெரிதா, ஒன்று தவறியது பெரிதா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டிய தேவையும் இல்லை. கும்பகோணத்துப் பலகை மறைத்ததை இந்த ஒரு விடுபாடு காட்டிக் கொடுக்கிறது.

5040 என்ற எண்

விடுபட்ட எண்ணின் வகுத்திகள் 5040 என்று பார்த்தோம். அந்த 5040உம் ஓர் உயர் பகு எண்தான். அதற்கு 60 வகுத்திகள். இன்னொரு கிளைக் கதை இதில் இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்ற நூலில் இலட்சிய நகரத்துக்கு 5040 குடிகள் இருக்க வேண்டும் என்றார். நிலம் பங்கிடவும், வரி போடவும், படை திரட்டவும் வசதி என்பது அவர் சொன்ன காரணம். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் அது வகுபடும், 12ஆலும் வகுபடும். 11 மட்டும் இடிக்கும். அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். இரண்டு குடும்பங்களை ஒதுக்கி வைத்துவிட்டால் 5038, அது 11ஆல் வகுபடும். ஒதுக்கப்பட்ட அந்த இரண்டு குடும்பங்களும் என்ன சொல்லியிருக்குமோ!

5040 நம் காலத்திலும் தலைகாட்டியது. இராமானுஜன் 1915இல் எழுதியது முழுவதும் அச்சாகவில்லை. முதல் உலகப் போர்க் காலம், இலண்டன் கணிதக் கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு. செலவைக் குறைப்பதற்காகக் கட்டுரையின் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சென்னையில் 32 வயதில் காலமானார். நிறுத்தி வைத்த அந்தப் பக்கங்கள் அவர் காலத்தில் வெளிவரவே இல்லை. 1988இல் அவருடைய கையெழுத்துப் படிகளின் தொகுப்பில் இடம்பெற்று, 1997இல் நிக்கோலா, ரோபின் என்ற இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் விளக்கக் குறிப்புகளோடு அவர் பெயரிலேயே நடக்கும் இதழில் வந்தன. எழுதி 82 ஆண்டுக்குப் பிறகு.

அந்தப் பக்கங்களில் அவர் வகுத்திகளின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை, வகுத்திகளின் கூட்டுத்தொகை பற்றியும் கேட்டிருந்தார். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று கூட்டினால் 28 வருகிறது. ஓர் எண்ணின் அளவுக்கு இந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகப் போகலாம்? ரீமான் கருதுகோள் என்ற, கணித உலகம் 1859 முதல் நிரூபிக்கப் போராடிவரும் கூற்று உண்மை என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஓர் எல்லையை அவர் கணித்திருந்தார். அதே ரோபின் 1984இல் வேறொன்றை நிரூபித்தார். 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களும் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குள் அடங்கினால் ரீமான் கருதுகோள் உண்மை, ஓர் எண் அந்த எல்லையை மீறினாலும் அது பொய். 5040இன் வகுத்திகளைக் கூட்டினால் 19344. இது எல்லையைக் கொஞ்சம் மீறுகிறது. அதைவிடப் பெரிய எண் ஒன்று மீறியதாக இதுவரை யாரும் கண்டதில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்று நிரூபிப்பவருக்கு 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு இன்னும் காத்திருக்கிறது. அமெரிக்க நாணயமும் நம் வெள்ளி போல 100 காசுக் கணக்குதான், மூன்று பேர் சேர்ந்து நிரூபித்தால் ஒரு காசு மிஞ்சும்!

விடுபட்ட எண்ணுக்குத் திரும்புவோம். இராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணான 6746328388800ஐ உடைத்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. விடுபட்ட எண்ணை உடைத்தபோது வந்த அதே வரிசை, கூடுதலாக ஒரு 23 மட்டும். அதனால்தான் வகுத்திகளும் 5040இலிருந்து 10080ஆக இரட்டித்திருக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு தாளைக் கொடுத்து 6746328388800ஐ 23ஆல் வகுக்கச் சொல்லுங்கள். நீள் வகுத்தலில் மீதி பூச்சியம் வரும். ஈவாக வருவது 293318625600.